பைபோலாரோடு அன்றாடத்தை வாழ: எதை முதலில் பிடிப்பது?

“நடந்து முடிஞ்சதை விடுங்க, நாளைக்கு என்ன ஆகுமோன்னு பயப்படாதீங்க, இன்னைக்கு இருக்கிறதைப் பாருங்க.” பைபோலார், அதாவது மனம் அளவுக்கு மீறி எழுவதும் (மேனியா) ஆழ்ந்து சோர்வதும் மாறி மாறி வரும் நோய், என்று மருத்துவர் சொன்ன பிறகு வீட்டுக்கு வந்து போகிற அத்தனை பேரும் சொல்கிற வார்த்தை இது. கேட்க இதமாக இருக்கும். ஆனால் திங்கட்கிழமை காலையில் எழுந்து அதை எப்படிச் செய்வது என்று கேட்டால் பதில் வராது. மிஞ்சிப்போனால் “தியானம் பண்ணுங்க” என்பார்கள்.

செய்வதற்கு நான்கு வழிகள் உண்டு: அன்றாட நேரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருவது, மைண்ட்ஃபுல்னஸ் தியானம் (இந்தக் கணத்தை அப்படியே கவனிக்கும் பயிற்சி), மனநிலைக் குறிப்பேடு, குடும்பத்தோடு எழுதிவைத்துக்கொள்ளும் ஒப்பந்தம். நான்கும் ஆய்வு பார்த்தவை. ஆனால் நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்குகிறவர்கள் மூன்றாம் வாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். ஆகவே எது முதலில், எது பிறகு, எது யாருக்கு வேண்டாம் என்பதுதான் இங்கே பேச்சு. தீவிர மேனியாவோ ஆழ்ந்த மனச்சோர்வோ தணிந்து, மாத்திரை ஓரளவு செட்டாகி, இனி நாட்களை எப்படி ஓட்டுவது என்று யோசிப்பவருக்கும் அவர் வீட்டாருக்கும் இது உதவும். இப்போதே மேனியாவில் இருப்பவருக்கு முதல் வேலை மருத்துவரைப் பார்ப்பதுதான்.

நோய் தணிந்த காலத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 2002-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, பைபோலார் முதல் வகை (முழு மேனியா வரும் வகை) உள்ள 146 பேரைச் சராசரியாக 12.8 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஏறக்குறைய பாதி வாரங்களில் அவர்களுக்கு ஏதோ ஓர் அறிகுறி இருந்தது. அதில் மனச்சோர்வு வாரங்கள் மேனியா வாரங்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பெரிய மேனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த நாட்களைத்தான் குடும்பம் நினைவில் வைத்திருக்கும். வாழ்க்கை கரைவதென்னவோ அவற்றுக்கு இடைப்பட்ட, பெயர் வைக்காத மந்தமான வாரங்களில்.

‘இன்று’ எப்போதும் நம்பத்தக்கதல்ல

மன எழுச்சி ஏறும்போது அந்த நபர் முழுக்க முழுக்க நிகழ்காலத்தில்தான் இருக்கிறார். நேற்றைய கடன் நினைவில்லை, அடுத்த மாதத் தவணை கணக்கில் இல்லை. நிறங்கள் பளிச்சென்று தெரிகின்றன, பாட்டு உடம்பைத் தொடுகிறது, எதிரே இருப்பவர் எல்லோரும் நண்பர்கள். ‘இந்தக் கணத்தில் வாழ்’ என்று ஒரு தியான ஆசிரியர் எதை விவரிப்பாரோ, ஹைப்போமேனியாவின் (மேனியாவின் இலேசான வடிவம்) முதல் மூன்று நாட்கள் அச்சாக அப்படியே இருக்கும். மனச்சோர்வில் நேர்மாறு: இன்றைய கனம்தான் என்றைக்குமான கனம் என்று தோன்றும், போன மாதம் நன்றாக இருந்ததே என்று சொன்னால் நம்ப முடியாது.

நாள் எப்படிப் போகிறது என்று அளக்க நம்மிடம் இருப்பது மனநிலைதான். இந்த நோயில் பழுதாவதும் அதேதான். எனவே நான்கு வழிகளையும் ஒரே கேள்வியால் சோதிக்கிறோம்: மனம் பொய் சொல்லும் நாளிலும் இது வேலை செய்யுமா?

மருந்து ஏன் இந்தப் பட்டியலில் இல்லை

கீழே சொல்லப்படும் ஆய்வுகள் எல்லாமே, ஏதோ ஓர் அளவில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் நடந்தவை. மருந்துக்குப் பதிலாக என்று எதையும் இங்கே பரிந்துரைக்கவில்லை. ஆனால் ‘இன்றை வாழ்வது’ என்று நினைத்துச் செய்கிற சில காரியங்கள் நேராக மருந்தோடு மோதும். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மனநிலையைச் சமப்படுத்தும் லித்தியம் மாத்திரை எடுப்பவருக்கு ரத்தத்தில் அதன் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருக்கும்படி மருத்துவர் பார்த்துக்கொள்வார். 1.5-ஐத் தாண்டினால் நச்சு. இடைவெளி இவ்வளவுதான். சிறுநீரகம் லித்தியத்தையும் உப்பையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்துகிறது. உடலில் உப்போ நீரோ குறைந்தால் உப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துவிடும். ஆகவே உப்பில்லா விரதம், நீரருந்தா நோன்பு, அக்னி நட்சத்திர வெயிலில் பாதயாத்திரை, வயிற்றுப்போக்கு எல்லாமே அளவை ஏற்றிவிடலாம். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாத்திரைகளும் அப்படித்தான். தயாசைடு வகை நீர் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண வலிக்கு பாராசிட்டமால் போதும். கை நடுக்கம் பெரிதாவது, வாந்தி, பேதி, நாக்குக் குழறல், தள்ளாடிய நடை இவற்றில் எது கண்டாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று உண்டு. கடைசி வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு லேபுக்குப் போனால் அளவு பொய்யாக ஏறித் தெரியும். அதைப் பார்த்து டோஸைக் குறைத்தால் சிக்கல் ஆரம்பமாகும். மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு மனநிலை மருந்தான லாமோட்ரிஜின் எடுப்பவர் ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று ஐந்து நாளுக்கு மேல் விட்டுவிட்டால், பழைய டோஸிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. மருத்துவர் சொல்லும் சிறிய அளவிலிருந்து ஏற வேண்டும். உயிருக்கே ஆபத்தான தோல் கொப்புள நோய் வருவதற்கான வாய்ப்பு வேகமாக ஏற்றும்போதுதான் அதிகம்.

முதல் வழி: நேர ஒழுங்கு

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எலன் ஃபிராங்க் என்ற உளவியலாளரின் குழு உருவாக்கிய சிகிச்சை இது. ஆங்கில எழுத்துகளில் ஐ.பி.எஸ்.ஆர்.டி. (உறவு, சமூகத் தாளச் சிகிச்சை) என்பார்கள். அடிப்படைக் கருத்து எளிது. உடம்பின் உட்கடிகாரத்தை வெளிச்சம் மட்டும் சரிசெய்வதில்லை. எப்போது எழுகிறோம், யாரிடம் முதலில் பேசுகிறோம், எப்போது சாப்பிடுகிறோம் என்கிற சமூக நிகழ்ச்சிகளும் சேர்ந்துதான் சரிசெய்கின்றன. வேலை மாறுவது, ஒருவர் இறப்பது, குழந்தை பிறப்பது எல்லாம் இந்த நேரங்களைக் கலைக்கின்றன. மற்றவர்களுக்குச் சில நாள் அசதியோடு போவது, பைபோலார் உள்ளவருக்கு மேனியாவாகவோ மனச்சோர்வாகவோ திரும்புகிறது. 2005-இல் வெளியான இக்குழுவின் ஆய்வில் 175 பேர் இருந்தார்கள். நோய் தீவிரமாக இருந்த கட்டத்திலேயே இந்தச் சிகிச்சையைத் தொடங்கியவர்களுக்கு, பிறகு அடுத்த நோய்க்கட்டம் வர அதிக நாள் பிடித்தது.

இதற்கெனப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் நம் ஊரில் அரிது. ஆனால் அதன் மையக் கருவி ஒரு தாள்தான். ஐந்தே வரி:

எழுந்த நேரம்.
முதன்முதலில் இன்னொருவரோடு பேசிய நேரம்.
வேலை, படிப்பு அல்லது வீட்டு வேலை தொடங்கிய நேரம்.
இரவுச் சாப்பாடு.
படுத்த நேரம்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அப்போது கூட யாராவது இருந்தார்களா என்றும் 0 முதல் 3 வரை எழுத வேண்டும்: தனியாக என்றால் 0, பக்கத்தில் சும்மா இருந்தார்கள் என்றால் 1, சேர்ந்து ஈடுபட்டார்கள் என்றால் 2, உணர்ச்சியைக் கிளறும் அளவுக்கு என்றால் 3. இந்தக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. இரவு பத்தரைக்குப் படுக்கை என்று ஒழுங்காக இருந்தாலும், பத்து மணிக்குச் சொத்துத் தகராறு பேசினால் தூக்கம் ஒரு மணிக்குத்தான் வரும்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுத மட்டும் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் ‘வழக்கமான நேரம்’ எது என்று பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் 45 நிமிடத்துக்குள் விழுந்த நாட்களை எண்ணுங்கள். எந்த வரி அதிகம் சிதறுகிறது என்று தாளே காட்டிவிடும். சரிசெய்யத் தொடங்குவது எழும் நேரத்திலிருந்து. தூக்கத்தை வரவைக்க நம்மால் முடியாது, எழுவது ஓரளவு நம் கையில் இருக்கிறது. ஏழு நாளும் ஒரே நேரம். ஞாயிற்றுக்கிழமைக்கு அரை மணி சலுகை தரலாம், மூன்று மணி நேரம் தரக் கூடாது. பழைய நேரம் பத்து மணி, இலக்கு ஏழு என்றால் ஒரே நாளில் இழுக்காமல் மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை கால் மணி, அரை மணி என்று முன்னால் கொண்டுவாருங்கள். திடீரென்று மூன்று மணி நேரத் தூக்கத்தை வெட்டுவதே மேனியாவுக்கு வழிவிடலாம்.

மாலை நேரத்து வெளிச்சமும் கணக்கில் வர வேண்டும். 2016-இல் நார்வேயில், மேனியாவுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு வழக்கமான மருந்தோடு, மாலை ஆறு மணி முதல் காலை எட்டு மணி வரை நீல ஒளியைத் தடுக்கும் ஆரஞ்சுக் கண்ணாடி ஏழு நாள் அணிவித்தார்கள். மேனியா வேகமாகத் தணிந்தது. வீட்டில் அவ்வளவு தேவையில்லை. எட்டரைக்கு மேல் ட்யூப்லைட்டை அணைத்து மஞ்சள் பல்பு, படுக்கையறைக்கு வெளியே ஃபோன் என்பதே பெரிய மாற்றம்.

கெடுவது எங்கே? அமெரிக்காவோடு பேசும் போன் அழைப்புகளுக்காக வாரத்தில் மூன்று நாள் இரவு பதினொன்றரை வரை, இரண்டு நாள் ஒன்பது வரை, சனி ஞாயிறு பகல் பதினொன்று வரை தூக்கம் என்று ஓடும் ஐடி வேலையில் முதலில் கெடும். சுழற்சி ஷிஃப்டைவிட ஒரே நிலையான ஷிஃப்ட், அது மாலை நேரமாக இருந்தாலும், மேல். முழு இரவு ஷிஃப்ட் வேண்டாம் என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கி ஹெச்.ஆரிடம் கொடுக்கலாம். கடிதத்தில் நோயின் பெயர் இருக்க வேண்டிய அவசியமில்லை. ‘மருத்துவக் காரணத்தால் இரவுப் பணி தவிர்க்கப்பட வேண்டும்’ என்றாலே போதும்.

அடுத்தது விசேஷங்கள். நாலரை – ஆறு முகூர்த்தத்துக்கு முந்தின இரவு பஸ்ஸில் தூங்காமல் போய், மண்டபத்தில் கதை பேசிவிட்டு, மறுநாள் இரவு பஸ்ஸிலேயே திரும்பினால் இரண்டு இரவுத் தூக்கம் போய்விட்டது. முந்தின நாள் மதியமே போய்ச் சேருங்கள், ரிசப்ஷனில் ஒன்பது மணிக்கு எழுந்து அறைக்குப் போங்கள், இரவு மாத்திரை சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். பெட்டி எப்போதும் வேறொருவர் காரில்தான் இருக்கும். சிவராத்திரியில் முதல் கால பூஜையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்காமல் காலையில் போகலாம். முழு இரவு ஜெபத்துக்கும் இதே கணக்கு. ரமலானில் சஹருக்காகத் தூக்கம் இரண்டாகப் பிரிவதும், லித்தியம் எடுப்பவர் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் தனித்தனிப் பிரச்சினைகள். மாதம் தொடங்குமுன் மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும்.

மேலே கேட்ட சோதனையில் இந்த வழி நன்றாகவே தேறுகிறது. கடிகாரத்துக்கு மனநிலை கிடையாது. மனம் ‘எனக்குத் தூக்கமே தேவையில்லை’ என்றாலும் பத்தரை பத்தரைதான்.

இரண்டாம் வழி: மைண்ட்ஃபுல்னஸ் தியானம்

அதிகம் பரிந்துரைக்கப்படுவது, குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவது இரண்டும் இதுதான். ஆய்வுக்கு உட்பட்ட வடிவம் எட்டு வாரப் பயிற்சி: வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம் அல்லது சற்று மேல், சிறு குழுவாக, வீட்டில் தினமும் முக்கால் மணி வரை. திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வுக்காக உருவாக்கியது, பிறகு பைபோலாருக்கும் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 95 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வின் முடிவு நிதானமானது: 12 மாதத்தில் நோய் திரும்புவது குறையவில்லை, பதற்றம் குறைந்தது. எட்டு வாரத்தில் அதிக நாட்கள் பயிற்சி செய்தவர்களிடம் மனச்சோர்வு அளவும் குறைவாகக் காணப்பட்டது.

ஆகவே மேனியா வராமல் தடுக்கும் என்று நம்பித் தியானத்தில் இறங்கினால் ஏமாற்றம். ஆனால் வேறு ஒன்றுக்கு இதைவிட நல்ல வழி நமக்குத் தெரியாது: மேனியா முடிந்த பிறகு வரும் வெட்கம். தூக்கிக் கொடுத்த பணம், மாமியாரிடம் சொன்ன வார்த்தை, ஆபீஸ் குரூப்பில் நடு இரவில் போட்ட நாற்பது மெசேஜ். மாதக்கணக்கில் இவை மனதில் ஓடும். அதை வாதம் செய்து விரட்ட முடியாது. ‘அந்த நினைப்பு மறுபடி வந்திருக்கிறது’ என்று கண்டுகொண்டு உள்ளங்காலுக்கோ மூச்சுக்கோ கவனத்தைத் திருப்பும் பழக்கம் அங்கே உதவுகிறது. அடுத்த மேனியா எப்போது வருமோ என்ற பயத்துக்கும் இதே மருந்து.

தொடங்க மூன்று நிமிடப் பயிற்சி போதும். முதல் நிமிடம்: இப்போது மனதில் என்ன ஓடுகிறது, உடம்பில் எங்கே இறுக்கம் என்று பார்ப்பது. இரண்டாம் நிமிடம்: வயிறு ஏறி இறங்குவதை மட்டும் கவனிப்பது. மூன்றாம் நிமிடம்: கவனத்தை உடல் முழுக்க விரிப்பது. கண்ணை மூட வேண்டியதில்லை. மூடினால் சிலருக்கு எண்ண ஓட்டம் கூடுகிறது. ஒரு நாளைக்கு மூன்று முறை, காபிக்கு முன், மதியச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன் என்று ஏற்கெனவே இருக்கிற ஒன்றோடு கட்டிவிடுங்கள். மனச்சோர்வில் உட்கார்ந்து மூச்சைப் பார்ப்பது பழைய நினைப்புகளுக்கே வாசல் திறக்கும் என்பவர்கள், பத்து நிமிடம் மெல்ல நடந்துகொண்டே பாதம் தரையைத் தொடுவதைக் கவனிக்கலாம்.

செய்யக் கூடாதது தெளிவு. பத்து நாள் மௌன முகாம் வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி, ஒரு நாளில் பத்து மணி நேரம் அளவுக்கு உட்காரவைத்து, பேச்சை நிறுத்தி, வழக்கமான இரவுச் சாப்பாட்டையும் மாற்றும் ஓர் அமைப்பு, முன்சொன்ன ஐந்து வரிகளையும் ஒரே நாளில் கலைக்கிறது. நோயை மறைத்துச் சேர்வது இன்னும் ஆபத்து. பஸ்திரிகா, கபாலபாதி போன்ற வேகமூச்சுப் பயிற்சிகள் சிலருக்குப் படபடப்பை ஏற்றுகின்றன. நிதானமான மூச்சுப் பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தியானத்தில் ‘எல்லாம் ஒன்றே என்று புரிந்துவிட்டது’ என்ற அனுபவத்தோடு தூக்கமும் குறைந்தால், அதை ஆன்மிக முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளுமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நம் சோதனையில் இது தேறுவது அரைகுறையாக. மனம் சற்றே தாழ்ந்த நாளிலும் சாதாரண நாளிலும் உதவுகிறது. ஏறும் நாளில், ஏறுகிற மனதையே ரசித்துப் பார்க்கவைக்கிறது.

மூன்றாம் வழி: குறிப்பேடு

பிரிட்டனில் 69 பேரிடம் நடந்த ஓர் எளிய ஆய்வு 1999-இல் வெளியானது. நோய் திரும்பும்போது தனக்கு முதலில் தெரியும் அடையாளங்கள் என்ன என்று கண்டுபிடித்து, அவை வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள், 7 முதல் 12 அமர்வுகளில். ஒவ்வொரு குழுவிலும் கால்வாசிப் பேருக்கு மேனியா திரும்பி வர எடுத்த காலம், பயிற்சி பெற்றவர்களிடம் 65 வாரம், பெறாதவர்களிடம் 17 வாரம். மனச்சோர்வில் இந்த வித்தியாசம் இல்லை. மேனியாவைப் பொறுத்தவரை இவ்வளவு மலிவான கருவி வேறில்லை.

ஒரு நாளைக்கு ஒரு வரி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரே நேரத்தில். தூங்கிய மணி, மனநிலை எண், உடம்பின் வேகத்துக்குத் தனி எண், மாத்திரை போட்டாயிற்றா, பெண்களுக்கு மாதவிடாய் நாள். அவ்வளவுதான். எண்களை உணர்ச்சியால் அல்ல, நடத்தையால் வரையறுக்க வேண்டும். 0 வழக்கமான நாள். +1 பேச்சு கூடுதல், வேலை நடக்கிறது. +2 வீட்டார் கவனித்துச் சொல்கிறார்கள், செலவு கூடுகிறது. +3 வேலையும் உறவும் கெடுகின்றன. −1 இழுத்துக்கொண்டு செய்கிறேன். −2 குளியலும் சாப்பாடும் தள்ளிப்போகின்றன. −3 எழவே முடியவில்லை அல்லது சாவைப் பற்றிய எண்ணம் வருகிறது.

மனநிலைக்கும் வேகத்துக்கும் தனித்தனி எண் ஏன்? மனநிலை −2, வேகம் +2 என்ற சேர்க்கை உண்டு. சோகத்தோடு பரபரப்பு, தூக்கமின்மை, எரிச்சல். இந்தக் கலவை நிலைதான் தற்கொலை ஆபத்து மிகுந்தது. ஒரே எண் எழுதினால் அது 0 என்று போய் நின்றுவிடும்.

சொந்த அடையாளங்களைப் பொதுப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். போன மேனியாவுக்கு முந்தைய இரண்டு வாரம் என்ன நடந்தது என்று கூட இருந்தவரிடம் கேளுங்கள். பதில்கள் நுணுக்கமாக வரும்: ஸ்டேட்டஸ் ஒரு நாளில் பன்னிரண்டு போட்டது, பள்ளி நண்பர்களின் நம்பரைத் தேடியது, புதுத் தொழிலுக்கு விசிட்டிங் கார்டு அடித்தது, வீட்டைப் பாதிராத்திரி ஒழுங்குபடுத்தியது. இதில் மூன்று முதல் ஐந்து வரை போதும். எல்லோருக்கும் பொதுவான ஒன்று தூக்கம்: தொடர்ந்து இரண்டு இரவு வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் குறைவு, ஆனாலும் களைப்பில்லை என்றால் மூன்றாம் நாள் காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் என்ன மாத்திரை, எவ்வளவு என்று முன்கூட்டியே சீட்டில் எழுதித் தரச் சொல்லலாம். பல மருத்துவர்கள் தருவார்கள்.

இதன் குறை, அளவுக்கு மிஞ்சினால் வாழ்வையே கண்காணிப்பாக ஆக்கிவிடும். மணிக்கொரு முறை ‘எப்படி உணர்கிறீர்கள்’ என்று கேட்கும் செயலிகளை நிறுவி, மகள் முதல் மதிப்பெண் வாங்கியதற்குச் சந்தோஷப்பட்டதையும் +1 என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் எழுதாதீர்கள். வாரம் ஒரு நாள் மட்டும் திருப்பிப் பாருங்கள். இன்னொரு குறை, +2 ஆனதும் எழுதுவது நின்றுவிடும். எழுதாமல் விட்ட மூன்று நாளையும் ஓர் அடையாளமாகவே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைக் கவனிக்க வேறொருவர் வேண்டும்.

நான்காம் வழி: குடும்பத்தோடு ஒப்பந்தம்

பார்சிலோனாவில் 120 பேருக்கு 21 குழு அமர்வுகளில் நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த ஆய்வு (2003), அமெரிக்காவில் குடும்பத்தையே உட்காரவைத்துச் செய்யும் சிகிச்சை ஆய்வுகள் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன: நோயை அறிந்தவர்களுக்கும், வீட்டில் குத்தல் பேச்சு குறைந்தவர்களுக்கும் நோய் திரும்புவது குறைகிறது. நம் வீடுகளில் குடும்பம் ஏற்கெனவே கூடவே இருக்கிறது. அதுவே பலம், அதுவே தொல்லை. கோபப்பட்டால் “மாத்திரை போட்டியா?”, சிரித்தால் “ஏறுதோ?”. எல்லா உணர்ச்சியையும் நோய்க் கணக்கில் எழுதும் வீட்டில், நிஜ அடையாளம் வரும்போது அதைச் சொல்லும் உரிமையை வீட்டார் இழந்துவிடுகிறார்கள்.

மனம் தெளிவாக இருக்கும்போது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது இதற்குத்தான். அது இப்படி இருக்கலாம்:

“என் அடையாளம் சொல்ல உரிமை அக்காவுக்கு மட்டும். வாரம் ஒரு முறை, ஞாயிறு மாலை, குறிப்பேட்டைப் பார்த்துத்தான் பேச வேண்டும். சண்டையின் நடுவில் மாத்திரைப் பேச்சு கூடாது. மூன்று அடையாளம் சேர்ந்தால் அக்கா மருத்துவருக்குப் போன் செய்வார், என்னிடமும் சொல்லிவிட்டுச் செய்வார். அன்றிலிருந்து இரண்டு வாரம் யு.பி.ஐ. உச்சவரம்பு நாளுக்கு 2,000 ரூபாய், கிரெடிட் கார்டு அக்காவிடம், வண்டிச் சாவி அப்பாவிடம். பத்தாயிரத்துக்கு மேல் எந்தச் செலவும் 48 மணி நேரம் கழித்துத்தான். இரண்டு வாரம் முடிந்ததும் எல்லாம் திரும்ப என் கைக்கு.”

கடைசி வரி இல்லாத ஒப்பந்தம் நிலைக்காது. திருப்பித் தரும் தேதி இல்லையென்றால் அது பறிமுதல். இந்தியாவில் இதற்குச் சட்டத் துணையும் உண்டு: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம், தன் சார்பில் முடிவெடுக்கத் துணைநிற்க ஒருவரை நியமிக்கவும் செய்யலாம்.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) தனி வழியாக எடுக்கவில்லை. பிரிட்டனில் 253 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான பெரிய ஆய்வில் மொத்தத்தில் பயன் தெரியவில்லை. 12-க்கும் குறைவான நோய்க்கட்டங்கள் கண்டவர்களுக்கு மட்டும் உதவியிருக்கலாம் என்று பட்டது. ஆரம்ப ஆண்டுகளில் இருப்பவருக்கு நல்ல சிகிச்சையாளர் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது முதலில்

மேனியா முடிந்து மூன்று மாதம் ஆகாதவருக்கு: எழும் நேரம், படுக்கும் நேரம், குடும்ப ஒப்பந்தம். தியானம் இப்போது வேண்டாம்.

மேனியா வந்து நாளாயிற்று, ஆனால் மந்தம் விடவில்லை என்பவருக்கு: எழும் நேரத்தை மட்டும் பிடியுங்கள், எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வெளிச்சத்தில் இருபது நிமிடம், கூட ஒருவரோடு பேச்சு. அது நிலைத்த பிறகு மூன்று நிமிடப் பயிற்சி. பதற்றமும் பழைய நினைப்பும்தான் முக்கியத் தொல்லை என்றால் எட்டு வார வகுப்பு பொருத்தம். ஆசிரியரிடம் நோயைச் சொல்லிவிட்டே சேருங்கள்.

விடுதியிலோ வளைகுடாவிலோ தனியே இருப்பவருக்கு: குறிப்பேடுதான் முதல். ஞாயிறுதோறும் அந்த வாரப் பக்கத்தைப் படமெடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்புங்கள். படம் வராத ஞாயிறு அவர் போன் செய்ய வேண்டும்.

பிரசவம் ஆன பெண்ணுக்கு: இது தனி அவசரம். பைபோலார் உள்ள பெண்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து மிகுந்த காலம் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள். தொடர்ச்சியாக ஐந்தாறு மணி நேரமாவது தாய் தூங்கும்படி இரவில் ஒரு வேளை பாலூட்டலை வேறொருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும். எடுத்து வைத்த பாலா, பால்பவுடரா என்பதைக் குழந்தை மருத்துவரோடு முடிவுசெய்யுங்கள். கர்ப்பத் திட்டம் இருந்தால் வால்புரோயேட் என்ற மனநிலை மருந்து எடுப்பவர் முன்னதாகவே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் ஆபத்து அதில் அதிகம். தாமாக நிறுத்துவதும் கூடாது.

முறையான சிகிச்சை எடுக்க வசதியுள்ளவருக்கு ஒரு தகவல். 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மனச்சோர்வில் இருந்த 293 பேர் பங்கேற்றார்கள். நேர ஒழுங்கு, குடும்பம், அறிவாற்றல் என மூன்றில் ஏதோ ஒரு சிகிச்சையை ஒன்பது மாதத்தில் 30 அமர்வு வரை எடுத்தவர்களில் ஓராண்டுக்குள் தேறியவர்கள் 64 சதவீதம். மூன்றே அமர்வில் சுருக்கமாக விளக்கம் பெற்றவர்களில் 52 சதவீதம். மூன்றுக்குள்ளும் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே பெயரைப் பார்த்து அலையாமல், உங்கள் ஊரில் ஒன்பது மாதம் தொடர்ந்து பார்க்கக்கூடிய ஒருவரைத் தேடுங்கள்.

சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் எந்த வழியையும் யோசிக்க வேண்டாம்: இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை, இலங்கையில் 1926. தனியாக இருக்காதீர்கள், கையிருப்பு மாத்திரைகளை வேறொருவரிடம் கொடுத்துவையுங்கள். லித்தியம் அதிக அளவில் உயிரைப் பறிக்கும்.

ஆறு மாதம், ஓராண்டு என்று நாட்கள் சமமாகப் போகும்போது ‘இனி மாத்திரை எதற்கு’ என்ற கேள்வி வரும். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால், அடுத்த சில மாதங்களில் மேனியா திரும்பும் ஆபத்து கூர்மையாக ஏறுகிறது. நிறுத்தலாம் என்று மருத்துவரும் சேர்ந்து முடிவெடுத்தாலும் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் வரை படிப்படியாகத்தான் குறைப்பார்கள். அந்தக் காலம் முழுவதும், நிறுத்திய பிறகு 3 மாதமும், தூக்க மணியைத் தினமும் எழுதுங்கள். ஒப்பந்தத் தாளும் அதுவரை அமலில் இருக்கட்டும்.